இடதுகைக்காரியின் யுகுலேலே

தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. ஃபெக்டரியில் இராவேலை முடிந்து வரப்போகும் கணவன் றோலண்டுக்காக, கலண்டர் தாளின் பின்புறம் ஜோசப்பின் எழுதினாள்:

"மெர்லினப்பா, ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். பக்கத்து லயத்து நிலக்ஷி யுகுலேலே வாங்க வருவா. நேத்து மாதிரி சத்தம் போடாதீங்க. அந்தக் குட்டிக் கிட்டார் ஆணியில தொங்குனா, மண்ணுக்குள்ள போன புள்ள திரும்பி வந்துருமா? தூசி தொடைச்சு, நாலு கம்பியும் புதுசா மாத்திட்டேன். புதுக் கம்பி இழுபடும், சுருதி எறங்கும். அப்பப்ப முறுக்கணும்னு அவகிட்ட சொல்லுங்க. மெர்லின் வெரல் பட்ட பழைய கம்பிய வீசல, பிஸ்கட் டின்னுல இருக்கு."

கூடையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"நிலக்ஷி வலதுகைக்காரி. நான் எப்பவும்போல நம்ம இடதுகைக்காரிக்குன்னே கம்பியத் தலைமாத்திக் கட்டிட்டேன். இனி கழட்ட எனக்கு மனசு வரல. அவ வந்தா, இன்னைக்கு வேணாம்னு சொல்லிருங்க."