உதடு சிவந்தது

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சுரங்கத்துக்குள் இருந்தபோது சொல்லாமல் கிளம்பிவிட்டேன். "மலை மேல காத்து மெலிசும்மா, புள்ள நெஞ்சு தாங்காது, உடனே கீழ எறங்கு" என்று டாக்டர் சொன்னார். நீங்களோ, "நாலு தலைமுறையா இந்தப் பொத்தோசி மலையிலதான மூச்சு விடுறோம்!" என்று கத்தினீர்கள்.

பஸ் ஏறும்போது நம் மகள் நைராவின் உதடு நீலமாகத்தான் இருந்தது. மலையிறங்கி, சமவெளியில் இருக்கும் சாந்தா குரூஸ் நகரத்தை நெருங்கும்போது பக்கத்து சீட்டுக்காரி என்னை உலுக்கினாள்.

"ஏ பொண்ணே, உம் புள்ள உதட்டப் பாரு, செவந்திருச்சு!"

பஸ்ஸிலேயே வாய்விட்டு அழுதேன்.

இப்போது வயிறு முட்டப் பால் குடிக்கிறாள். மலை மேல் போல அரைச்சூட்டிலேயே கொதித்துவிடாமல், இங்கே தண்ணீர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் கொதிக்கிறது. அங்கே அரைநாள் அடுப்பில் கிடக்கும் அவரைப் பருப்பு இங்கே ஒரு மணி நேரத்தில் குழைந்துவிடுகிறது. நேற்று உங்களுக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டேன்.

இங்கே சர்க்கரை ஆலையில் ஆள் எடுக்கிறார்களாம். சும்மாதான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா