மாப்பிள்ளை விழுங்கியது

மார்ச் 3, ஞாயிறு
கூடத்து மீன் தொட்டியைக் கழுவி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போனது. உள்ளே சிவப்பு வால் கெளுத்தி ஒய்யாரமாகப் படுத்திருந்தான். வாங்கும்போது விரல் நீளம். “தொட்டிக்கு ஏத்த அளவுதான் வளரும்” என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரரும் நம்பினார். கூட இருந்த மீன்களை எல்லாம் விழுங்கிவிட்டு இப்போது என் கை நீளம் இருக்கிறான். படுத்த இடத்திலேயே விருந்து கேட்பதால் நான் வைத்த பெயர் மாப்பிள்ளை.

மார்ச் 4
ரப்பர் கையுறையில் ஒன்றைக் காணோம். நேற்று தொட்டி விளிம்பில்தான் கழற்றிப் போட்டேன். மாப்பிள்ளை வயிறு புடைத்துக் கிடக்கிறான். கோழித்துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியென்றால் — ஐயோ.

மார்ச் 5
மீன் மருத்துவரிடம் போனில் பேசினோம். “கைய விட்டு இழுக்காதீங்க, தொண்டை கிழிஞ்சிடும். பெரும்பாலும் தானா கக்கிடுவான். இல்லேன்னா மயக்கம் குடுத்துதான் எடுக்கணும். பொழைக்கிறது சந்தேகம்.”
வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 6
எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க ஊரார் வயிற்றைப் படம் பிடிக்கிறேன். இன்று காசு விழுங்கிய குழந்தையின் அம்மா அழுதார். “பயப்படாதீங்க, வந்துடும்” என்று எப்போதும் சொல்வேன். இன்று வாய் வரவில்லை. ஒரு மீனுக்காகவா இப்படி? ஆமா, மீனுக்காகத்தான். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?

மார்ச் 8
பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். “ஏய், இங்க வா, கக்கிட்டான்” என்று இவர் குரல். வாயில் நுரையோடு ஓடினேன். ஐந்து விரலும் விரித்துக் கையுறை மிதந்தது. வயிற்றில் பாலை வார்த்தான் மகராசன். இவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் — தொட்டித் தண்ணீர் தெறித்துவிட்டதாம்.
மருத்துவருக்குச் சொன்னோம். “சந்தோஷம். ஆனா இன்னும் ரெண்டு மடங்கு வளருவான். இந்தத் தொட்டி அவனக் கொன்னுடும். மீன் காட்சியகத்துல நான் பேசிப் பாக்கட்டுமா?”
இவர் கையுறையை எடுத்துப் பிழிந்து ஓரமாக வைத்தார். பிறகு, “பேசச் சொல்லு” என்றார்.

மார்ச் 31
மாப்பிள்ளையை இன்று காட்சியகத்தின் பெரிய குளத்தில் விட்டார்கள். முதலில் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தான். மெல்லக் கிளம்பி, எங்கள் தொட்டியின் நீளம் வந்ததும் பழக்கதோஷத்தில் நின்றான். அங்கே கண்ணாடி இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, வாலை வீசி நேரே போனான்.
“போடா, போ” என்றபடி இவரும் குளத்தின் ஓரமாகவே கூட நடந்தார்.