தொட்டில் கொக்கி

கலை அப்பாவுக்கு,

கேப்பைக் கூழும் மல்லாட்டைத் துவையலும் மூடி வைத்திருக்கிறேன்.

கலை பிரசவத்துக்கென்று கட்டிய அறையைக் காலையில் திறந்து பார்த்தேன். கூரைச் சட்டமெல்லாம் பூஞ்சை. வெக்கை இறங்காமலிருக்க ஷீட்டுக்கடியில் வைத்த தெர்மாகோலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மழையில் நனைந்த மரம், காயட்டும் என்று கெஞ்சினேன். “அதெல்லாம் உள்ளயே காஞ்சிக்கும், வளைகாப்புக்குள்ள முடிக்கணும்” என்று மேலே ஷீட் அடித்து மூடிவிட்டீர்கள். ஆரோவில்லில் எத்தனை கூரை போட்ட கை.

நம் சிமெண்ட் ஷீட் வீட்டு வெக்கையில் பச்சைக் குழந்தையைப் போட முடியாது. தலைப்பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்ளும்படி சம்பந்தியம்மாவிடம் கேட்கத் திண்டிவனம் போகிறேன். எந்த முகத்தோடு கேட்பேனோ.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு வீரம்மாளிடம் கொடுங்கள்.

இன்னொன்று. அந்த அறை உத்திரத்தில் தொட்டிலுக்காக நீங்கள் மாட்டிய கொக்கியை நான் திரும்புவதற்குள் கழற்றிவிடுங்கள். என்னால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை.