நான் எழுந்து நின்றது

மார்ச் 4

காலையிலிருந்து லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் குனிந்தபடி வேலை. இடுப்பு போச்சு. வீட்டுக்கு வந்தால் அக்கா மகள் — வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவோம், அப்படி ஒரு வாய் — கல்லூரிக் கதையை ஆரம்பிக்கிறாள். முதல் வருஷத்திலேயே வேலைக்குத் தயாராக வேண்டுமாம். பிடித்த தொழில் செய்கிற ஒருவரோடு கூடவே இருந்து பார்த்துவிட்டு மேடையில் பேச வேண்டும். கேட்பதற்கு லிஃப்ட் கம்பெனி மேனேஜர் வருகிறார். நன்றாகப் பேசும் இரண்டு பேருக்கு விடுமுறையில் அங்கேயே பயிற்சி. அந்த இடத்துக்காக இவள் உயிரை விடுகிறாள்.

அந்த மேனேஜர் என் சட்டைப்பைக்குள் இருக்கிற ஆள். அவர் கம்பெனிக்குத்தானே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன்! "நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாலே போதும் மாமா."

திமிர்!

மார்ச் 11

ஒரு வாரமாக என்னோடு வருகிறாள். கேட்டே கொல்கிறாள். குழியில் இறங்கும்முன் மெயின் சுவிட்சை அணைப்பேன். யாரும் போட்டுவிடாமல் காவலாளியைப் பக்கத்தில் நிறுத்துவேன். அதற்கு இவள், "பூட்டுப் போட்டு சாவிய நீங்களே வச்சுக்கணும்ல? அவர் டீ குடிக்கப் போயிட்டா?"

எனக்குப் பூட்டா? இங்கே பாதி லிஃப்ட் என் கைபட்டு ஓடுகிறது. மீதிப் பாதி என் பெயரைக் கேட்டாலே ஓடுகிறது.

மார்ச் 20

இஸ்திரி போட்ட சட்டை. முதல் வரிசை. பக்கத்தில் அக்கா. மேனேஜர் தலையசைத்தார். ஓடிவந்து கட்டிப்பிடித்திருப்பார், கூட்டம் விடவில்லை.

வக்கீலம்மா தொடங்கினாள்: "நான் பார்த்த மெக்கானிக்கைப் போல ஒருவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்."

யார், யார் என்று அரங்கமே தவித்தது. அத்தனை பேரைத் தவிக்கவிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்தேன். நாலு பக்கமும் கையசைத்தேன். கைதட்டல்! உட்கார மனசு வரவில்லை.

அடுத்த வரி: "ஆனால் அவர் சுவிட்சைப் பூட்டுவதில்லை. ஒருநாள் அவர் குழிக்குள் இருந்தபோது காவலாளி நகர்ந்துவிட்டார். யாரோ வந்து சுவிட்சில் கை வைத்தார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அக்கா சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். கால் மடங்கவே இல்லை.

மார்ச் 21

அவளோடு பேச்சில்லை. அவளே வந்தாள்.

"நான் பேரே சொல்லல மாமா. யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். உங்கள யாரு எழுந்திரிக்கச் சொன்னா?"

"அத்தன பேர் தேடுறாங்க, எழுந்திரிக்காம?"

"சுவிட்ச் விஷயத்த அன்னிக்கே சொன்னேன். கதை விடாதன்னுட்டீங்க."

"இந்த வீட்ல கதை விடுறது யாருன்னு எனக்குத் தெரியாதா?" — அடுப்படியிலிருந்து அக்கா. எல்லாம் ஒரே கட்சி. சோறு வேண்டாமென்றுவிட்டேன். (பிறகு சாப்பிட்டேன். அது வேறு விஷயம்.)

மார்ச் 28

அவளுக்கு இடமில்லை. மேனேஜர் சொன்னாராம்: "சொந்த மாமாவையே காட்டிக் குடுக்குற பொண்ணு, நாளைக்குக் கம்பெனிய விட்டுவைக்குமா?"

எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுகிறாள். எந்திரம் முனகினாலே கேட்கிற காது, இது கேட்காதா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவ மாமன் நான், என்னை அவ சொல்லுவா, அது எங்களுக்குள்ள. நடுவுல இவன் யாரு?

மார்ச் 29

போனேன். "எங்க வீட்டுப் பிள்ளைய எவன்டா—" என்று ஆரம்பித்து, கதவைத் திறந்ததும் "சார்" என்று முடித்தேன்.

"அது நாங்க ரெண்டு பேரும் பேசி வச்ச ஏற்பாடு சார். என்னை மாதிரி ஆளே பூட்டலேன்னா மத்தவன் என்ன பண்ணுவான்னு காட்டத்தான். இல்லேன்னா தன் தப்பைச் சொல்றப்ப எந்த மடையனாவது எழுந்து நிப்பானா?"

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இதற்குப் பதில் யாரிடம்தான் இருக்கிறது?

மார்ச் 31

அவளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். எனக்கு உயிரே இல்லை. பொய் சொல்ல நாக்கு எழாத பிள்ளை, எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுமே.

"என்னடி சொன்ன?"

"'மாமா எழுந்து நின்னது நெசம் சார்'னு மட்டும் சொன்னேன்."

இடம் கிடைத்துவிட்டது.

மே 6

பயிற்சிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்? ஒப்பந்த மெக்கானிக்குகள் சுவிட்சைப் பூட்டுகிறார்களா என்று கட்டடம் கட்டடமாகப் போய்ப் பார்க்கிற வேலை! வியாழக்கிழமை என் கட்டடமாம். "மாமான்னெல்லாம் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறது, கொழுப்பெடுத்தது.

வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய பூட்டாக வாங்கினேன். "எந்தக் கோட்டைக்குண்ணே?" என்றான் கடைக்காரன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.