பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய இரண்டு பேர்

மதினி,

இன்று மத்தியானம் டிவியில் எல்லையில் சண்டை என்று ஆரம்பித்ததும் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஏட்டி, செய்தியத்தான பாக்கேன்" என்று முறைத்தார். நீங்கள் பழக்கிய வேலை என்று அவரிடம் என்னத்தைச் சொல்ல? என் மகனுடைய போன் நான்கு நாளாக அணைந்தே கிடக்கிறது.

என் அண்ணனைக் கட்டி சுந்தரபாண்டியத்துக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் என்னை அதட்டித்தான் பேசுவீர்கள். நம் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே வருடம் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். போன் வராத நாட்களில் டிவி பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என்னைப் பருத்திக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போவீர்கள். "அவன் துப்பாக்கிய இங்கேருந்து நீ பிடிக்க முடியுமா? நம்ம கையில இருக்கது களைக்கொத்து. அதைப் பிடி." கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

ஒரு தடவை உங்கள் பேச்சைக் கேளாமல் மகனுடைய கேம்ப் ஆபீசுக்கே போன் அடித்தேன். எடுத்தவர் இந்தியில் கேட்க, நான் தமிழில் அழ, அவனை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். இரண்டு வாரம் அவன் என்னிடம் பேசவில்லை. "அம்புட்டையும் நீயே சுமக்கணுமாக்கும், விட்டுத் தொலையேன்" என்றீர்கள்.

போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கார் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் உங்கள் பட்டன் போனை என் கையில் கொடுத்து, "மகன்ட்ட நீயே சொல்லு தாயி" என்றார்.

போனைத் திறந்து பார்த்தால், நீங்கள் அடித்ததெல்லாம் உங்கள் மகனுக்குத்தான். அன்று காலையில் மட்டும் ஒன்பது தடவை. முந்தின நாள் நாம் களை வெட்டிய நேரத்தில் நான்கு. "செத்த நேரம் நிழல்ல இருந்துட்டு வாரேன்" என்று மோட்டார் ரூம் பக்கம் போனது இதற்குத்தானா? நான் அடித்தபோதும் அவன் போன் அணைந்தே கிடந்தது; ஒன்றுகூட அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் சேர்ந்தே பயந்திருப்போமே மதினி. என்னைத் தேற்றத்தான் எல்லாவற்றையும் உள்ளே போட்டு அமுக்கினீர்களோ, அதுதான் உங்களைக் கொண்டுபோய்விட்டதோ என்று இன்றுவரை மனசு ஆறவில்லை. ஆனால் உங்களோடு களை வெட்டிய நேரத்தில் மட்டும் நான் பயந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் மகன் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். போனை அவனிடம் கொடுக்கும் முன், ஸ்ரீவில்லிபுத்தூர் செல்போன் கடை பாயிடம் நீங்கள் அவனுக்கு அடித்த கணக்கையெல்லாம் அழிக்கச் சொன்னேன், அவன் பார்த்துத் துடிக்கக் கூடாதென்று. "முக்கியமான நம்பர் எதுவும் இருக்காம்மா?" என்றார். "ஒன்னுமில்ல பாய், அழிச்சிருங்க" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கிய கையோடு இன்று உங்கள் மகனுக்கும் அடித்தேன். நல்லவேளை, எடுத்தான். "மச்சான் இருக்க பக்கம் டவர் கிடையாது அத்தை. எங்கம்மாவப் பாத்தீயள்ல, என்னைக்காவது பயந்திருக்காகளா? அப்படி இருங்க" என்றான்.

சரிய்யா என்றேன். நீங்கள் பயந்தது எனக்கு மட்டும்தான் தெரியும், மதினி. இனி உங்கள் பங்குக்கும் நானே பயந்துகொள்கிறேன்.