இடது இறக்கை பிழையில்லை

என் அன்பான அப்பா,

இடது இறக்கை பிழையில்லை. இதை முதலில் சொன்னால்தான் மற்றதை நிதானமாக எழுத முடியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் கட்டிய, இயந்திரமில்லாமல் பறக்கும் அந்த மரக் கிளைடரைப் போல உலகில் இன்னொன்று இல்லை என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? கட்டியவர்கள் இன்னும் பல செய்ய நினைத்தார்களாம், வாங்க ஆள் வரவில்லையாம். இங்கே டென்மார்க்கில் எங்கள் கிரின்ஸ்டெட் கிளப்புக்கு வந்து சேருவதற்குள் அது மூன்று பறக்கும் கிளப்புகள் மாறிவிட்டது. இறக்கை பழுதென்றால் மாற்ற வேறொன்று எங்கும் கிடையாது.

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த விமானப் பரிசோதகர், இடது இறக்கைக்குள் நீங்கள் பழுதுபார்த்து ஒட்டிய மரச் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "என்ன பசை? எப்போது ஒட்டியது?" என்று கேட்டாராம். கிளப் பதிவில் ஒன்றும் இல்லை. ஆதாரம் இல்லாவிட்டால் இனிப் பறக்க விடமாட்டேன் என்றாராம். கிளப்பின் ஹென்ரிக் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கோப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் வேலையில் பிழையோ என்று நானும் பயந்தேன். மன்னியுங்கோ.

அம்மா அசையவில்லை. "கறிக்குப் போட்ட உப்பையும் எழுதி வைக்கிற மனுசன். பசைக்கு எழுதாமல் விட்டிருப்பாரோ? போய்த் தேடு," என்றா.

கிளப் கொட்டகையில் உங்கள் பெட்டி நிறைய மரத்துண்டுகள். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் அதே பசையால் இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டி வைத்திருக்கிறீர்கள், பிறகு உடைத்துச் சோதிக்க. திகதி, பசை, இடம் எல்லாம் தமிழில். பிறகு ஆறுதலாக டெனிஷில் எழுதலாம் என்று நினைத்தீர்களா? நான் வாசித்து டெனிஷில் சொல்ல, ஹென்ரிக் எழுதினார்.

'இடது இறக்கை' என்றிருந்த துண்டைப் பரிசோதகர் இடுக்கியில் பூட்டி, சுத்தியலால் அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மரம் நார்நாராகக் கிழிந்திருந்தது. பசை விடவில்லை.

"இப்படி ஒட்டினால் நான் ஏன் வரவேண்டும்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"இவற்றை விறகென்று நினைத்திருந்தேன். உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே," என்றார் ஹென்ரிக். காரில் ஏறியதுமே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு கிளைடர் பறந்தது. அம்மா அது இறங்கும்வரை வானத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிடுவம்," என்றா. நெடுநாளைக்குப் பிறகு இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டா.

மீதித் துண்டுகளையும் கோடை விடுமுறைக்குள் டெனிஷில் பதிந்து முடிப்பேன். ஒவ்வொரு வரியிலும் 'ஒட்டியவர்' என்ற இடத்தில் உங்கள் முழுப் பெயரை எழுதுவேன், அப்பா.

இப்போது நன்றாக நித்திரை கொள்ளும்
உங்கள் மூத்த மகள்
அபிநயா