பக்கத்துப் பாட்டில்

இன்று காலை கடையைத் திறந்ததும் ஈஸ்ட் வாடை குப்பென்று அடித்தது. உனக்குப் பிடித்த வாடை, எனக்குப் பிடிக்காதது. நீ போன பிறகும் அது போகவில்லை. உன்னைப்போலவே அடம்.

சேலையூரில் நாம் இருவரும் இஞ்சி சோடா போட்டு விற்கத் தொடங்கியபோதே உனக்குச் சர்க்கரை நோய். "ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுக்கறேன், எனக்கு ஒரு மடக்கு கெடையாதா?" என்று பொருமுவாய். அதற்காகத்தான் சர்க்கரைக்குப் பதில் சார்பிட்டால் என்ற மாற்று இனிப்பைப் போட்டுப் பார்த்தாய். இனித்தது, நுரைக்கவில்லை. ஈஸ்ட் இனிப்பைத் தின்றால்தான் நம் சோடாவில் நுரை வரும்; அது இதைத் தின்ன மறுத்தது. மெக்னீசியம் உப்பு ஒரு சிட்டிகை சேர்த்தால் ஈஸ்டுக்குத் தெம்பு வரும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தாய்.

ஒரு பாட்டிலில் ஈஸ்ட், சார்பிட்டால், உப்பு. வாயில் பலூன். பக்கத்தில் இன்னொரு பாட்டில், மற்றதெல்லாம் அதேதான், சார்பிட்டாலை மட்டும் போடவில்லை. "ஒரு பலூன் தண்டம்" என்று உன்னைக் கிண்டல் செய்தேன். மதியத்துக்குள் முதல் பலூன் எழுந்து நின்றது. நான் கைதட்டினேன். நீ தட்டவில்லை.

"பக்கத்து பாட்டில பாருடி. இனிப்பே இல்லாம அதுவும் அதே அளவு ஊதிக்கினு கீது. உப்பு உசுப்பி வுட்டதுல ஈஸ்ட்டு தன் வயித்துல கீறதத்தான் தின்னுது. சார்பிட்டால தொடவே இல்ல."

கோவளத்துக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்க வந்த ஏஜென்ட் சிரித்தார். "கொஞ்சம் சர்க்கரை போட்ருங்க மேடம். லேபிள்ல சர்க்கரை இல்லைன்னே இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப்போட்டிருந்த உன் காலை நீ தூக்கி ஸ்டூல்மேல் வைத்தாய்.

"இதுக்குத் தெரியும் சார்."

ஆர்டர் கைவிட்டுப் போனது. பிறகு அந்தக் கால் போனது. பிறகு நீயும் போனாய். பிழைக்கத் தெரியாதவள் என்று உன் சாவு வீட்டிலேயே பேசினார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

உனக்காகத்தான் விடாமல் செய்துகொண்டிருக்கிறேன். துத்தநாக உப்பு, பொட்டாசியம் உப்பு எல்லாம் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இன்னொரு பாட்டில் வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதன் பலூனும் சேர்ந்தே எழுகிறது. எழட்டும். நானும் விடுவதாக இல்லை.

இன்று அந்த ஏஜென்ட் மறுபடி வந்தார். "அட, பலூன் நிக்குதே! இதையே காட்டி, சர்க்கரை இல்லாமயே நுரைக்குதுன்னு சொல்லி வித்துரலாம். அவங்கதான் பிடிவாதம் புடிச்சாங்க, நீங்க வெவரமானவங்க" என்றார்.

"பக்கத்து பாட்டிலப் பாருங்க சார்" என்றேன்.

அவர் பார்க்கவில்லை. பேரம் பேசுகிற தோரணையில் உன் ஸ்டூலை இழுத்து உட்காரப் போனார்.

"அதுல ஆள் இருக்கு" என்றேன்.